சிக்பிரித்தின் எழுநூற்று நாற்பத்தொன்று

மருந்து கண்டுபிடிப்பவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். சிக்பிரித் ஆல்மார்க் விஷயத்தில் அது முடியாது. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே எங்கள் ஊரான உப்சாலாவில் எந்த மருந்துக்கடையில் போய்க் கேட்டாலும் அவள் செய்த மாத்திரை ஒன்றுகூடக் கிடைக்காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை வைரஸுக்கு எதிரான மருந்துகளைத் தேடியவள் அவள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதுப் பொருள்களைத் தன் கையால் செய்தாள். கடைக்கு வந்தது ஒன்றுமில்லை. அதனால் அவளைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை என்று தெரிந்து நானே உட்கார்ந்திருக்கிறேன். அவளோடு ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்த்து, வாரத்துக்கு இரண்டு சண்டையாவது போட்டவள் என்ற தகுதி எனக்கு உண்டு.

என் பெயர் மாய்லிஸ். அவள் வேதியியல்காரி, நான் வைரஸ்காரி. அவள் ஒரு பொருளைச் செய்து சின்னக் குப்பியில் போட்டுத் தருவாள். நான் தட்டில் உயிரணுக்களை வளர்த்து, அந்தப் பொருளைச் சேர்த்து, வைரஸை அவிழ்த்துவிடுவேன். சில நாள் கழித்து ஊதாச் சாயம் ஊற்றினால் கதை தெரிந்துவிடும். வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளை ஓட்டை. மருந்து வேலை செய்திருந்தால் ஓட்டையே இல்லாமல் தட்டு முழுக்க ஊதாவாக இருக்கும். முழு ஊதாத் தட்டுகளை நான் பார்த்தது அபூர்வம். மற்றதெல்லாம் சல்லடைதான்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வைரஸ் ஒரு சோம்பேறி. பாதி ஜனங்களின் உடம்பில் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும், யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு, உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்துக் குறைத்து வைப்பார்கள். அந்த நேரம் பார்த்து இது எழுந்துகொள்ளும். எண்பதுகளில் அதற்குக் கொடுக்க உருப்படியாக ஒன்றும் கிடையாது. புதுச் சிறுநீரகம் அருமையாக வேலை செய்துகொண்டிருக்கும், ஆள் காய்ச்சலில் போய்விடுவார். சிக்பிரித்துக்கு அது தாங்காது. "தானமா வந்த சிறுநீரகத்தை இப்படி வீணாக்கலாமா" என்று, ஏதோ சமையலறையில் சோறு மிஞ்சியதைச் சொல்வதுபோலச் சொல்லுவாள்.

அவளுடைய கறாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் அறைக் கதவில் ஓர் அட்டை தொங்கும்: "கரைசலைக் கரைசலாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதே. வற்றவை. பொடியாக்கு. பெயர் எழுது. குளிர்பெட்டியில் வை." கரைசலில் கிடக்கும் பொருள் எப்போது எதுவாக மாறும் என்று சொல்ல முடியாது, அதனால் வேதியியல் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம் இது. ஆனால் அவள் அளவுக்கு அதை மதமாக வைத்திருந்தவர்களை நான் கண்டதில்லை. வற்றல்காரி என்று அவளுக்குப் பட்டப்பெயர். தெரிந்தும் அவள் கோபப்பட்டதில்லை, அட்டையையும் எடுக்கவில்லை.

இன்னொரு கெட்ட பழக்கம், லீவு எடுக்க மாட்டாள். ஜூலையில் நாடே கடையை மூடிவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விடும். தபால்காரர் போய்விடுவார், பல் டாக்டர் போய்விடுவார், எங்கள் மருந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கிகூட ஓய்ந்து நிற்கும். இவள் மட்டும் காலி கட்டடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருப்பாள். எண்பதுகளில் ஒரு வருஷம் எங்கள் பிரிவுத் தலைவர் ஆர்வித் பொறுமை இழந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் தொழிற்சங்கத்தைக் கண்டால் நடுங்குவார்.

"சிக்பிரித், உன் சேத்துவெச்ச லீவையெல்லாம் கூட்டினா நீ இன்னிக்கே ரிட்டயர் ஆகலாம். சங்கத்துக்காரங்க என் உயிரை வாங்கறாங்க. கிளம்பு."

"இந்த ஒண்ணை மட்டும் வத்த வெச்சுட்டு..."

"லைட்டை அணைக்கப்போறேன். நீ உள்ளே இருந்தாலும் அணைப்பேன்."

அணைத்தும் விட்டார். அவள் முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் வீட்டுத் தீவுக்குப் படகேறினாள்.

ஆகஸ்டில் திரும்பி வந்ததும் எனக்கு ஒரு குப்பி தந்தாள். எழுநூற்று நாற்பத்தொன்றாவது பொருள். எப்போதும்போல அலுத்துக்கொண்டே போட்டுப் பார்த்தேன். சாயத்தை ஊற்றிக் கழுவியபோது தட்டு முழுக்க ஊதா. ஒரு ஓட்டை இல்லை. உயிரணுக்களும் சௌக்கியமாக இருந்தன. தட்டைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "சாயம் சரியான சாயம்தானா" என்று கேட்டாள். சந்தோஷப்படுகிற லட்சணம் அது.

ஆர்வித் கேக் வாங்கி வந்தார். தலைமை அலுவலகத்துக்குச் சேதி போனது. ஏற்கெனவே எங்கள் பிரிவை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே. இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

செப்டம்பரில் அவள் அதே பொருளை அதிகமாகச் செய்தாள். நான் சோதித்தேன். சல்லடை.

மறுபடி செய்தாள், இன்னும் சுத்தமாக. சல்லடை. மூன்றாவது தடவை செய்ததைப் போலச் சுத்தமான பொருளை அந்தக் கட்டடம் பார்த்திருக்காது. அதுவும் சல்லடை. ஆகஸ்ட் குப்பியில் மிச்சம் ஒரு துளிகூட இல்லை, எல்லாவற்றையும் நானே தீர்த்திருந்தேன். சாப்பாட்டு அறையில் நாங்கள் காபிக்கு வந்தால் பேச்சு நிற்க ஆரம்பித்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள், தட்டிலிருக்கும் இலவங்கப்பட்டை பன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒன்று அவள் குப்பி மாறிப்போயிருக்க வேண்டும், அல்லது என் தட்டு. இரண்டில் எது என்பதுதான் எல்லார் மனசிலும்.

அக்டோபர் கடைசியில் ஆர்வித் வந்து சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன் அந்த முடிவைத் திரும்பக் காட்டாவிட்டால் பிரிவை மூடுகிறார்கள். சிறுநீரக வைரஸ் வேலை அத்தோடு முடிந்தது. நாட்டில் வேறு யாரும் அதைச் செய்யவும் இல்லை.

அன்றைக்குத்தான் பெரிய சண்டை. அவள் என் அறைக்கு வந்து, ஆகஸ்டில் எந்த உயிரணு, எந்தச் சாயம், யார் தட்டைக் கழுவியது என்று போலீஸ்காரியைப் போல விசாரித்தாள். எனக்குச் சுர்ரென்றது.

"என் பக்கம் ஒரு மண்ணும் மாறலைம்மா. அதே செல்லு, அதே சாயம், அதே கையி. உன் பக்கம் பாரு."

"என் பக்கம் எல்லாம் அப்படியேதான் செய்றேன், மாய்லிஸ். ஒரு சொட்டுகூட மாத்தலை."

"அப்படியா? அப்ப ஒரே ஒரு வித்தியாசம்தான். அப்ப நீ லீவு போயிட்டு, மூக்கெல்லாம் வெயில்ல தோலுரிஞ்சு, மனுஷியா வந்து நின்னே. இப்ப பேய் மாதிரி நிக்கறே. போ, போய்த் தூங்கு."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"லீவு," என்றாள். "ஆர்வித் லைட்டை அணைச்சாரே, அன்னிக்கு அந்தக் குடுவையை நான் வத்த வைக்கலை. ஜன்னல் ஓரமா அப்படியே வெச்சுட்டுப் போனேன். ஆகஸ்டுல வந்து பாத்து, வெக்கமாப் போயி, சட்டுனு வத்தவெச்சு உனக்குக் குடுத்துட்டேன்."

"நீயா? வற்றல்காரியா?"

"நானேதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. அவள் மனசு ஏற்கெனவே கணக்கைப் போட ஆரம்பித்திருந்தது. ஆகஸ்ட் பொருளைக் கருவியில் போட்டுப் பார்த்தபோது, அது வரைந்து தந்த கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருந்தது, ஏதோ அழுக்கு என்று விட்டுவிட்டாள். ஒரு மாசம் மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறியதில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வேறு ஏதோவாக மாறியிருக்க வேண்டும். வைரஸைக் கொன்றது அந்த அழுக்கு. எழுநூற்று நாற்பத்தொன்று என்று நாங்கள் கொண்டாடியது சும்மா கூட வந்த பொருள். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமாகச் செய்தாளோ, அவ்வளவுக்கு மருந்தை வெளியே தள்ளியிருக்கிறாள்.

சூடாக்கி அவசரப்படுத்திப் பார்த்தாள். கருகித் தார்போல ஆகிவிட்டது. அதனால் ஒரு மாசம் சும்மா வைத்திருப்பதைத் தவிர வழி இல்லை என்று முடிவு செய்தாள்.

அதைக் கேட்கத் தலைமை அலுவலகத்துக்காரர்களோடு நடந்த கூட்டத்துக்குப் போனோம். ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த நிதி மேலாளர் ஒருவர், சாம்பல் நிறக் கோட்டு, நல்ல பல்வரிசை. சிக்பிரித் எழுந்து நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் ஒரு கரைசலை ஒரு மாசம் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும், மாணவர்கள் செய்தால் தான் திட்டுகிற தப்பு அது என்றும், ஆகஸ்ட் முடிவு அந்தத் தப்பிலிருந்து வந்தது என்றும் சொன்னாள். ஆர்வித் தன் ஷூவைப் பார்த்தபடி இருந்தார்.

"இதை இப்படிச் சொல்ல வேண்டியதில்லையே," என்றார் நிதி மேலாளர், தன்மையாகத்தான்; எங்கள் நாட்டில் மேலாளரும் மற்றவர்களும் ஒருவரையொருவர் 'நீ' என்றுதான் பேசிக்கொள்வோம். "நீண்ட நாள் வெச்சுப் பார்க்கற சோதனைன்னு சொன்னா கேக்கறவங்களுக்கும் நல்லாயிருக்கும். உனக்கும் கௌரவம்."

"சோதனை இல்லையே. மறந்துட்டேன்."

"சரி. இப்ப என்ன வேணும்?"

"ஒரு மாசம்."

"என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்யாம இருக்க."

"ஒரு குடுவையைப் பாத்துக்கிட்டு உக்காரறதுக்குக் கம்பெனி ஒரு மாசச் சம்பளம் குடுக்கணுமா?"

"வேண்டாம். என் சேத்துவெச்ச லீவை எடுத்துக்கறேன்," என்றாள் சிக்பிரித். "என்னையும் லீவுல போடு. குடுவையையும் போடு."

ஆர்வித் தலையைத் தூக்கினார். "எட்டு வருஷமா இதைத்தான் கெஞ்சறேன்," என்றார். அந்த அறையில் அன்று சிரிப்பு வந்தது அப்போதுதான்.

நவம்பர் முழுக்கக் குடுவை அதே ஜன்னல் ஓரத்தில் நின்றது. யாரோ கிண்டலாக அதன் கழுத்தில் "லீவில் இருக்கிறேன், ஆகஸ்டில் சந்திப்போம்" என்று சீட்டுக் கட்டிவிட்டார்கள். அவள் அண்ணன் தீவில் குளிரில் விறகு பிளந்துகொண்டிருந்தாளாம். டிசம்பர் முதல் வாரம் வந்தாள், வற்றவைத்தாள், தந்தாள். நான் சாயத்தைக் கழுவினேன்.

சல்லடை.

நான் அவளிடம் போய்ச் சொன்னபோது அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். அதைவிட அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மத்தியானம் மூன்று மணி. வெளியே இருட்டிவிட்டது. எதிரே இருந்த வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் கிறிஸ்துமஸ் விளக்குகள் வைத்திருந்தார்கள். என் ஜன்னலில் ஜெரேனியச் செடிகள், குளிர்காலம் தாண்ட வேண்டுமே என்று அவற்றுக்கு மேல் நான் கட்டிவைத்திருந்த நீளமான வெள்ளை விளக்கு. அவள் அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்களுக்கு எதுக்கு விளக்கு?" என்றாள்.

"வேற எதுக்கு. வெயிலு எங்க இருக்கு இங்க? போன மாசம் பூரா சூரியனை எத்தனை தடவை பாத்தே நீ?"

அவள் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். உண்மையாகவே தொட்டாள்.

"மாய்லிஸ், நீ அன்னிக்கு ரெண்டு விஷயம் சொன்னே. லீவுன்னு ஒண்ணு. மூக்கு தோலுரிஞ்சதுன்னு ஒண்ணு. நான் ஒண்ணைத்தான் கேட்டிருக்கேன்."

வெட்கக்கேடு, இரண்டு பேருக்கும்தான். வருஷத்தில் பாதி நாள் வெளிச்சம் வெளிச்சம் என்று அலைகிற ஜனம் நாங்கள். மார்ச்சில் ஒரு வெயில் கீற்று விழுந்தால் சுவரோரமாக வரிசையாய் நின்று கண்ணை மூடிக்கொள்வோம். ஜூலையில் ராத்திரி பத்து மணிக்கும் ஜன்னலில் வெயில் அடிக்கும். அந்த ஜூலையையும் நவம்பரையும் ஒரே மாசம் மாதிரி எண்ணிவிட்டோம். குடுவைக்கு வேண்டியிருந்தது ஓய்வு அல்ல, வெயில்.

அவள் நாற்காலியில் ஏறி என் விளக்கை அவிழ்த்தாள்.

"என் செடி செத்துரும்டீ."

"சாகட்டும். புதுசு வாங்கித் தரேன்."

இரண்டு செடி செத்தது, புதுசு இன்றுவரை வரவில்லை. விளக்கடியில் புதுக் கரைசல் மாற ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த முறை அவள் ஆறு குப்பி தந்தாள், எதில் என்ன என்று எனக்குச் சொல்லவில்லை. என்னை நம்பாமல் இல்லை, நான் ஆசைப்பட்டு ஊதாவைப் பார்த்துவிடக் கூடாது என்று. கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது தட்டுகளைக் கழுவினேன். ஐந்து சல்லடை. ஒன்று முழு ஊதா. நான் ஆறையும் அவள் மேஜையில் வரிசையாக வைத்தேன். அவள் ஊதாத் தட்டின் எண்ணைப் பார்த்தாள்; ஆறில் விளக்கடியில் வைத்த ஒரே குப்பியின் எண் அது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் என்ன செய்வதென்று தெரியாமல், "சாயம் சரியான சாயம்தான்," என்றேன்.

பிரிவு பிழைத்தது. வெயில் மாற்றிக் கொடுத்த பொருளை அவள் தனியே பிரித்து, வடிவம் கண்டுபிடித்து, நேரடியாகச் செய்யும் வழியையும் கண்டாள். புது எண் கொடுக்கலாம் என்றார்கள். எழுநூற்று நாற்பத்தொன்று என்றே இருக்கட்டும் என்றாள். முதல் அறிக்கையில், "என் கவனக்குறைவால் கரைசல் ஜூலை முழுவதும் ஜன்னலில் இருந்தது" என்ற வரியை எடுக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வந்த வருஷங்கள்தான் அவளை நான் வியந்த வருஷங்கள். ஒரு பொருள் வைரஸைக் கொன்றால் மருந்தாகிவிடாது. குடலில் கரைய வேண்டும், ஈரல் அதை உடைக்கக் கூடாது, எலும்பு மஜ்ஜையைத் தொடக் கூடாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். அவள் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கடைசிவரை அவளுக்கு அடங்காதது ஒன்றே ஒன்று, கசப்பு. மூலக்கூறின் ஒரு முனையில் இருந்த கந்தகம் வாயில் உலோகக் கசப்பைத் தரும் என்று சோதனைக்காக முதலில் அதைச் சாப்பிட்டுப் பார்த்த நோயில்லாதவர்கள் சொன்னார்கள். அந்த முனையை மாற்றினால் மருந்து செத்துவிடும். இரண்டு வருஷம் அதோடு போராடினாள். "நோயாளிக்கு ஏற்கெனவே சாப்பாடு இறங்காது. அதுல இது வேற," என்று புலம்புவாள். உயிர் பிழைக்கிறவன் கசப்பைப் பொறுத்துக்கொள்வான் என்று நான் சொன்னால், "நீ முழுங்கிப் பாரு" என்பாள்.

தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சிறுநீரக நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்குக் கேட்டது. அவர்கள் யார், பேர் என்ன என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், அது விதி. எங்களுக்கு வந்தது வயசும் காய்ச்சல் அளவும்தான். அதற்குள் வேறொரு நாட்டு மருந்து கடைக்கு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. இவ்வளவு சின்னச் சந்தைக்கு இரண்டு மருந்து எதற்கு என்று கேட்டார்கள். எழுநூற்று நாற்பத்தொன்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை உடைத்தேன். சிக்பிரித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, அடுத்த வைரஸுக்கு வேலையை ஆரம்பித்தாள்.

இப்போது நாங்கள் இருவருமே ஓய்வு பெற்றவர்கள். ஜூலையில் என் ஏரிக்கரை வீட்டுக்கு அவள் வருகிறாள், ஒரு மாசம் முழுசாக. போன ஜூலையில் படகுத்துறையில் மேஜை போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். அக்கரையில் புதிதாக வீடு வாங்கியிருந்த ரூனே என்பவர், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், பெர்ச் மீன் தர வந்தார். அவர் படகின் மூக்கில் வெள்ளைப் பெயின்டில் 741 என்று எழுதியிருந்தது.

சிக்பிரித்தின் கோப்பை தட்டில் இடித்தது.

"அது என்ன நம்பரு, பதிவு நம்பரா?" என்று கேட்டாள், சாதாரணமாக.

"இல்லைம்மா, அது ஒரு கதை," என்றார் ரூனே, மீனை வாளியில் போட்டுக்கொண்டே. "எனக்கு மாத்துக் கிட்னி. வெச்சதும் காய்ச்சல் வந்து போயிட்டேன்னே நெனச்சுட்டாங்க. ஏதோ புது மருந்து, பேருகூட கிடையாது, டப்பாவுல இந்த நம்பர்தான். ரெண்டு வாரத்துல எந்திரிச்சு உக்காந்துட்டேன். அப்புறம் அந்த நம்பர்ல லாட்டரி வாங்கினேன், ஒரு குரோனா காசுகூட விழலை. அதிர்ஷ்டத்தையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீத்துட்டேன் போல."

நான் வாயைத் திறந்தேன். சிக்பிரித் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள்.

"கசந்துதா?" என்று கேட்டாள்.

"எது?"

"அந்த மருந்து."

ரூனே கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "அட, ஆமா. இரும்பை நக்கின மாதிரி. காபிகூடக் குடிக்க முடியலை. உனக்கெப்படித் தெரியும்?"

"மன்னிச்சுக்கோ," என்றாள் சிக்பிரித்.

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே?" என்று சிரித்தார் அவர். அவள் எழுந்து உள்ளே போய், இன்னொரு கோப்பை எடுத்து வந்து, அவருக்குக் காபி ஊற்றினாள்.